பதினொருவரை ஓர் அணியாக்குவது எப்படி: புதிய உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளருக்கான எட்டு வார வழிகாட்டி

கொழும்பில் ஒரு பாடசாலை அணியையோ ஒரு சிறு கழகத்தின் 16 அல்லது 18 வயதுக்குட்பட்ட பிரிவையோ முதன்முறையாகப் பொறுப்பேற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடன் உதவிப் பயிற்றுவிப்பாளர்களாக வந்து சேர்ந்த இளைஞர்கள் பலரும் ஏறத்தாழ ஒரே இடங்களில் தடுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விளையாட்டு நன்றாகவே தெரியும். எதை முதலில் சொல்லிக்கொடுப்பது, எதைப் பிறகு வைத்துக்கொள்வது என்ற வரிசைதான் தெரியவில்லை.

“ஒற்றுமையாக விளையாடு” என்று சொன்னால் எந்தப் பையனும் தலையாட்டுவான். ஆனால் அடுத்த கணம் எந்தப் பக்கம் எத்தனை அடி நகர வேண்டும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஆகவே கூட்டு விளையாட்டைக் கண்ணால் பார்க்கவும் எண்ணவும் கூடிய மூன்று பழக்கங்களாகப் பிரித்தே நான் கற்பிக்கிறேன்: பக்கத்தில் நிற்பவனிடமிருந்து சரியான தூரத்தில் நிற்பது, அவனுக்குத் தேவையான சொல்லை நேரத்துக்குச் சொல்வது, பந்து பறிபோனதும் அடுத்த ஐந்து செக்கன்களில் செயற்படுவது. தூரம் பிழைத்த அணியில் சொல் காதில் விழாது. சொல் இல்லாத அணியில் அந்த ஐந்து செக்கன் ஓட்டம் ஆளுக்கொரு திசையில் போய் முடியும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று பயிற்சிகள் கிடைத்தால், இந்த வரிசையை முடிக்க எட்டு வாரங்கள் போதும். சிறுமியர் அணிகளுக்கும் இதே வரிசைதான்.

1. முதற் பயிற்சிக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இருவருக்கு ஒரு பந்து என்ற கணக்கில் பந்துகள், இரு நிறங்களில் மேலங்கிகள், முப்பது கோன்கள், விசில், அழுத்தமானியுடன் கூடிய பம்பு, ஐஸ் பெட்டி, முதலுதவிப் பை, ஒவ்வொரு வீரனின் பெற்றோருடைய தொலைபேசி இலக்கம், கோடிட்ட அப்பியாசக் கொப்பி ஒன்று. இவற்றுடன் 30 மீற்றர் நைலோன் கயிறும் வேண்டும். புறக்கோட்டையில் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். அது எதற்கென்று நான்காம் பகுதியில் சொல்கிறேன். பந்துகள் குறைந்தால் வரிசை நீளும். வரிசையில் நிற்கும் நேரத்தில் பையன் எதையும் கற்பதில்லை. எனவே பணம் குறைவென்றால் சீருடையைப் பின்தள்ளிவிட்டுப் பந்தை வாங்குங்கள்.

ஐந்தாம் இலக்கப் பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரையும், உட்காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் வரையும் இருக்கலாம் என்பது விதி. புதியவர்கள் கல்லைப் போல் ஆகும்வரை காற்றடிப்பார்கள். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் மைதானங்களின் நிலம் இறுகிக் கிடக்கும்போது அந்தப் பந்து முழங்காலுக்கு மேல் துள்ளும். துள்ளும் பந்தை அடக்குவதிலேயே கண் முழுவதும் போய்விடுவதால் தலையை உயர்த்திப் பார்க்கும் பழக்கம் வராது. அழுத்தத்தை 0.7 அளவில் வைத்திருங்கள்.

அடுத்தது நாட்காட்டி. போயா தினங்கள், தனியார் வகுப்புகள், சாதாரண தரப் பரீட்சை, நோன்பு மாதம், ஆடிவேல் விழா ஆகிய அனைத்தையும் முதல் நாளே கொப்பியில் குறித்துவிடுங்கள். இதைச் செய்யாதவர், ஐந்து பேர் வராத நாளில் அணி முழுவதற்கும் வேண்டிய பாடத்தை நடத்தி, அடுத்த நாள் அதையே மீண்டும் நடத்துவார். நோன்பு நோற்கும் வீரர்களை அந்த மாதத்தில் கடும் ஓட்டத்திலிருந்து விலக்கி, நின்று கற்கும் பகுதிகளை அவர்களுக்கு வையுங்கள். அவர்களாக வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இங்கு ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே இருட்டிவிடுவதால் 4.30 முதல் 6.00 வரையான நேரமே பெரும்பாலும் கைக்கு வரும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் அதே நேரத்தில்தான் இடிமழையும் வரும். இடியோசை கேட்டவுடன் அனைவரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழியும்வரை எவரும் மைதானத்துக்குத் திரும்பக்கூடாது. மரத்தடி பாதுகாப்பான இடமன்று. இந்த விடயத்தில் பையன்களின் கெஞ்சலுக்கு ஒருமுறைகூட இணங்காதீர்கள்.

2. முதல் வாரம் பார்ப்பதற்கு மட்டும்

அணிக்கு எழுவராகப் பிரித்து, பாதி மைதானத்தில் பன்னிரண்டு நிமிட ஆட்டங்களாக விளையாட விடுங்கள். நீங்கள் எதையும் திருத்த வேண்டாம். கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் மூன்று நிரல்கள் இருக்கட்டும்: பந்து வருமுன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறானா, பந்தை இழந்ததும் ஓடுகிறானா நிற்கிறானா, மற்றவனுக்கு ஏதேனும் சொல்கிறானா. ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு.

90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரனின் காலில் பந்து இருப்பது மொத்தமாகச் சில நிமிடங்களே. எஞ்சிய நேரம் முழுவதும் அவன் என்ன செய்கிறான் என்பதே அணிக்கு அவன் தருவது. புதியவர்களோ அந்தச் சில நிமிடங்களை மட்டும் பார்த்து அணியைத் தெரிவு செய்கிறார்கள். மூன்று பேரைத் தாண்டிச் செல்லும் பையன் உடனே கண்ணில் படுவான். பந்தை இழந்ததும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவன் நின்றுவிடுவது கொப்பி இல்லாமல் கண்ணில் படாது. எங்கள் அணியில் மெலிந்த ஒரு பையன் இருந்தான். காலில் பந்து அவ்வளவாக ஒட்டாது. ஆனால் பந்து தன்னிடம் வருவதற்குள் இடமும் வலமுமாக இருமுறை திரும்பிப் பார்த்துவிடுவான். பெயர் வாசிக்கையில் கடைசியில் வந்த அவனுக்கே முதல் வாரக் கொப்பியில் அதிகக் கோடுகள் இருந்தன. அந்தப் பருவம் முழுவதும் மத்தியகளத்தை அவன்தான் தாங்கினான்.

இந்த வாரத்தில் அணித்தலைவரை அறிவிக்கவும் கூடாது, யார் எந்த இடத்தில் ஆடுவது என்று முடிவு செய்யவும் கூடாது. கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள். எட்டாம் வாரத்தில் அது மீண்டும் வேண்டும்.

3. ஆயத்தப் பயிற்சி: நாளும் அதே இருபது நிமிடங்கள்

மைதானத்தைச் சுற்றி நான்கு முறை ஓடவிட்டு, பிறகு நின்றபடி காலை இழுத்துப் பிடிக்கச் செய்வதே இங்கு பல இடங்களில் வழக்கம். அதற்குப் பதிலாக ஃபிஃபா 11+ என்னும் பயிற்சித் தொகுதியைப் பயன்படுத்துங்கள். அதில் 15 பயிற்சிகள் மூன்று பகுதிகளாக உள்ளன: எட்டு நிமிட மெது ஓட்டம், பத்து நிமிடம் வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சிகள், இரண்டு நிமிட விரைவோட்டம். வாரத்துக்கு இருமுறையாவது செய்தால் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கருவி எதுவும் தேவையில்லை.

பாய்ந்து தரையிறங்கும்போது முழங்கால் உட்பக்கமாக மடிகிறதா என்று மட்டும் உன்னிப்பாகப் பாருங்கள். முழங்கால் பாதத்தின் நேர்மேலே இருக்க வேண்டும். காயத்தைத் தடுப்பது கூட்டு விளையாட்டுக்கும் வேண்டியதே. வாரந்தோறும் ஆட்கள் மாறும் அணியில் பக்கத்து வீரனின் பழக்கம் எவனுக்கும் பிடிபடாது.

தண்ணீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோகிராமும் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை. உடல் நிறையில் 2 சதவீதத்துக்கு மேல் இழந்தவனின் ஓட்டம் மட்டுமல்லாமல் கவனமும் தளரும். 50 கிலோகிராம் பையனுக்கு அது ஒரே ஒரு கிலோகிராம். பதினைந்து நிமிடங்களுக்கொரு முறை தண்ணீர் கொடுங்கள். கடுமையாக வியர்த்த நாளில் முடிந்ததும் ஜீவனி என்னும் உப்பு-சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுக்கலாம்.

4. இரண்டாம், மூன்றாம் வாரங்கள்: தூரம்

கயிற்றில் எட்டு மீற்றருக்கு ஒன்றாக நான்கு முடிச்சுகள் போடுங்கள். நான்கு பின்கள வீரர்களும் ஆளுக்கொரு முடிச்சைக் கையில் பிடித்து, கோலுக்கு முன்னே ஒரே வரிசையில் நிற்கட்டும். இடுப்பில் கட்டக்கூடாது, எவனாவது தடுமாறினால் அனைவரும் உடனே கையை விட்டுவிட வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

நீங்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னே குறுக்காக நடங்கள். நீங்கள் இடப்பக்கம் போனால் நால்வரும் இடப்பக்கம் வர வேண்டும். உங்களுக்கு நேரே இருப்பவன் முன்னே வர, மற்ற மூவரும் சற்றுப் பின்சாய்வாக நிற்க வேண்டும். கயிறு விறைத்தால் எவனோ விலகிவிட்டான். தரையில் புரண்டால் எவனோ நெருங்கிவிட்டான். நீங்கள் வாய் திறக்கவே தேவையில்லை, அவரவர் கையே அவர்களுக்குச் சொல்லிவிடும். பத்து நிமிடம் நடை, பிறகு மெது ஓட்டம், பிறகு நான்கு எதிரணி வீரர்கள் வெளியே நின்று பந்தைத் தங்களுக்குள் பரிமாற அதற்கேற்ப நகர்தல். அடுத்த பயிற்சியில் பாதி நேரம் கயிற்றோடு, பாதி நேரம் கயிறில்லாமல். கயிற்றை எடுத்த உடனே தூரம் குலைந்துவிடும். அது இயல்பு. மீண்டும் ஐந்து நிமிடம் கயிற்றைக் கொடுங்கள்.

எட்டு மீற்றர் என்பதற்குக் காரணம் உண்டு. தன்னைத் தாண்டிப் போகும் எதிரணி வீரனைப் பக்கத்திலிருப்பவன் சில எட்டுகளில் எட்டிப்பிடித்து மறிக்கக்கூடிய தூரம் அது. பதினைந்து மீற்றர் விலகினால் ஒவ்வொருவனும் தனியாள். மூன்று மீற்றருக்கு நெருங்கினால் ஒரே பரிமாற்றம் இருவரையும் கடந்துவிடும்.

மூன்றாம் வாரத்தில் மத்தியகள வரிசையைச் சேருங்கள். பின்கள வரிசைக்கும் அதற்கும் இடையே பத்துப் பன்னிரண்டு மீற்றர். ஏ.சி. மிலான் அணியைப் பயிற்றுவித்த அரிகோ சாச்சி, கடைசிப் பின்கள வீரனிலிருந்து நடு முன்கள வீரன் வரை 25 மீற்றருக்குள் அணி அடங்கியிருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். பந்தே இல்லாமல் அணியை நகரச் செய்யும் பயிற்சிக்காகவும் அவர் பெயர் பெற்றவர். பதினாறு வயதுப் பையன்களிடம் 25 மீற்றரைக் கறாராக எதிர்பார்க்க முடியாது. 30 முதல் 35 மீற்றருக்குள் நின்றாலே ஆட்டத்தின் முகம் மாறிவிடும்.

இதற்கு விசில் முறையைக் கையாளுங்கள். ஆட்டத்தின் நடுவே விசில் அடித்ததும் எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பிறகு தவறிய வீரனை அழைத்து, தனக்கும் பக்கத்து வீரனுக்கும் இடையிலான தூரத்தைக் காலடியால் அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் “பதினெட்டு மீற்றர் விலகி நிற்கிறாய்” என்றால் அவன் நம்பமாட்டான். தானே பதினெட்டு அடி எடுத்து வைத்து எண்ணியவன் அதன் பிறகு விவாதிப்பதில்லை. ஒரு பயிற்சியில் ஐந்து தடவைக்கு மேல் இப்படி நிறுத்தாதீர்கள். மிஞ்சினால் ஆட்டம் அறுபட்டு அறுபட்டுச் சலிப்பாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பந்து இருக்கும் பக்கத்தையே பார்த்துத் திருத்துவது. குற்றம் பெரும்பாலும் மறுபக்கத்தில் இருக்கும். பந்து இடப்பக்க எல்லைக் கோட்டில் இருக்கும்போது வலப்பக்கப் பின்கள வீரன் எங்கே நிற்கிறான்? இரண்டு கோல்களின் நடுவையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு அருகில் அவன் வந்திருக்க வேண்டும். தன் பக்க எல்லைக் கோட்டிலேயே இடுப்பில் கை வைத்து நின்றால் நடுவில் திறந்து கிடக்கும் வாசலுக்கு அவனே பொறுப்பு. ஆகவே நீங்கள் பந்துக்கு எதிர்ப்பக்கத்தில் போய் நின்று பாருங்கள்.

5. நான்காம் வாரம்: சொல்

பையன்கள் மைதானத்துக்கு வெளியே ஓயாமல் பேசுவார்கள். உள்ளே போனதும் ஊமையாகிவிடுவார்கள். துணிவில்லை என்று இதை விளங்கிக்கொள்வது தவறு. என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது, யாருக்குச் சொல்லலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாததே காரணம்.

கொழும்பின் பல அணிகளில் தமிழ் பேசுபவரும் சிங்களம் பேசுபவரும் சேர்ந்தே இருப்பார்கள். ஒரே மொழியை அனைவருக்கும் விதித்தால் ஒரு பாதி வாய்மூடிவிடும். அதனால் எல்லார் காதிலும் ஏற்கெனவே இருக்கும் ஓரசை, ஈரசைச் சொற்களையே நான் வைத்திருக்கிறேன். “மேன்” என்றால் உன் முதுகில் ஆள் இருக்கிறான், முதல் தொடுகையிலேயே பந்தை அனுப்பிவிடு. “டைம்” என்றால் ஆளில்லை, நிமிர்ந்து பார். “டர்ன்” என்றால் திரும்பலாம். “ஸ்டெப்” என்றால் வரிசை முன்னே ஏறுகிறது. “கீப்பர்” என்றால் கோல் காப்பாளர் வருகிறார், வழிவிடு. இந்த ஐந்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆறாவது சொல் வந்ததும் ஐந்தும் குழம்புவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

யாருக்குச் சொல்லலாம் என்பது இதைவிட நுட்பமானது. ஒருநாள் பயிற்சியில் பதினைந்து வயதுப் பின்கள வீரன் ஒருவன், தன்னைவிட மூன்று வயது மூத்த மத்தியகள வீரனின் முதுகுக்குப் பின்னால் எதிரணி வீரன் நெருங்குவதைத் தெளிவாகப் பார்த்தான். “அண்ணா, பின்னுக்கு ஆள் வாறார், பாருங்கோ” என்றான். அவன் “அண்ணா” என்று முடிக்கும்போதே பந்து பறிபோய்விட்டது. ஏன் உடனே சத்தமிடவில்லை என்று பிறகு கேட்டபோது, “பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாதே சேர்” என்றான். அவன் சொன்னது முழு உண்மை. வீட்டிலும் பாடசாலையிலும் நாம் கற்றுக்கொடுத்த மரியாதையைத்தான் அவன் மைதானத்துக்கும் கொண்டுவந்திருந்தான்.

அன்று முதல் அணி முழுவதையும் வட்டமாக நிற்கவைத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே அண்ணா, நானா, ஐயா, மல்லி (சிங்களத்தில் தம்பி) எதுவும் இல்லை, ஐந்து சொற்கள் மட்டுமே உண்டு, கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் எல்லா உறவும் திரும்ப வந்துவிடும். இதை மூத்த வீரர்களின் வாயாலேயே இளையவர்களுக்குச் சொல்லவைப்பது முக்கியம். அனுமதி அவர்களிடமிருந்து வரும்வரை இளையவன் நாக்கு எழாது.

பயிற்சி எளிது. பத்து மீற்றர் இடைவெளியில் மூவர் நேர்கோட்டில் நிற்க, நடுவில் இருப்பவன் ஒருபக்கத்தைப் பார்த்து நிற்கிறான். பந்து அவனுக்கு வரும்போது, நான்காமவன் ஒருவன் அவன் முதுகை நோக்கி ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். பந்தை அனுப்பியவனே “மேன்” அல்லது “டர்ன்” என்று சொல்ல வேண்டும். பந்து அவன் காலைவிட்டுப் புறப்படும் அதே கணத்தில் சொல்லும் புறப்பட வேண்டும்; பந்து போய்ச் சேர்ந்த பிறகு வரும் சொல்லால் பயனில்லை. பிறகு சிறு ஆட்டம் ஒன்றில், சொல் இல்லாமல் அனுப்பிய பந்தெல்லாம் எதிரணிக்கு என்று விதி வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: எதிரணி வீரனின் கவனத்தைச் சிதறடிக்கும்படி சத்தமிடுவது விதிப்படி குற்றம். “விடு, விடு” என்று பொத்தாம்பொதுவாகக் கத்துவதைப் பல நடுவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு மஞ்சள் அட்டை காட்டுவார்கள்.

6. ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: பந்து பறிபோன ஐந்து செக்கன்கள்

பந்தை இப்போதுதான் பறித்தவன் இன்னும் தலையை உயர்த்தவில்லை. அவன் தோழர்களும் தாக்குதலுக்கு விரியவில்லை. எதிரணி மிக எளிதில் தவறும் கணம் அதுவே. ஆனால் நம் பக்கத்திலும் பந்தை இழந்தவன் மனமுடைந்து நிற்கும் கணம் அது. அந்த மனவருத்தத்துக்கு நேரம் கொடுக்காமல் காலுக்கு வேலை கொடுப்பதே இந்தப் பயிற்சியின் நோக்கம்.

30 மீற்றருக்கு 20 மீற்றர் இடத்தில் அணிக்கு ஐவர். பந்தை இழந்த அணி ஒன்றிலிருந்து ஐந்து வரை சேர்ந்து சத்தமாக எண்ண வேண்டும். ஐந்துக்குள் மீட்டால் ஒரு புள்ளி. கோலுக்கும் ஒரு புள்ளிதான். இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்பதைப் பையன்கள் முதலில் ஏற்கமாட்டார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம். ஐந்தும் எண்ணி முடிந்தும் பந்து கிடைக்காவிட்டால் அனைவரும் துரத்துவதை விட்டுத் தம் கோல் பக்கம் இறங்கி, இரண்டாம் வாரத்தில் கற்ற வரிசையை அமைக்க வேண்டும்.

இங்கு மூன்று வேலைகளையும் பெயரிட்டுப் பிரியுங்கள். முதலாமவன், அதாவது பந்துக்கு மிக அருகில் இருப்பவன், நேரே நெருக்குகிறான். காலை நீட்டி விழக்கூடாது, ஒரு கை தூரத்தில் நிதானித்து எதிரியின் முகத்தைத் தரையை நோக்கி வைத்திருந்தால் போதும். இரண்டாமவன் மிக அருகிலுள்ள பரிமாற்ற வழியை அடைக்கிறான். மூன்றாமவனும் மற்றவர்களும் பந்தை நோக்கி உள்ளே சுருங்குகிறார்கள். கயிற்றுப் பயிற்சி சரியாக நடந்திருந்தால் இந்த மூவரும் ஏற்கெனவே எட்டுப் பத்து மீற்றருக்குள் இருப்பார்கள். நடக்காவிட்டால் இந்த இடத்தில் அது அம்பலமாகிவிடும். மூவரும் ஒருசேரப் பந்தின் மேல் பாய்வதே வழக்கமான பிழை. ஒரே பரிமாற்றத்தில் மூவரும் கழிந்துபோவார்கள்.

பந்தை இழந்தவனைத் திட்டாதீர்கள். இழந்தது பிழை என்று பழக்கினால், துணிந்து முன்னே அனுப்ப வேண்டிய பந்தையெல்லாம் அவன் பின்னுக்கே அனுப்பத் தொடங்குவான். இழந்த பிறகு நின்றால் மட்டும் கேளுங்கள்.

7. ஏழாம் வாரம்: பந்தோடு

தாக்குதலை இவ்வளவு தாமதமாக வைப்பது ஏன் என்று கேட்பார்கள். தூரமும் சொல்லும் இல்லாமல் பரிமாற்றப் பயிற்சி நடத்தினால், கோன்களுக்கிடையே அழகாகப் பந்தை அனுப்பும் பையன்கள் ஆட்டத்தில் அதே பந்தை எல்லைக் கோட்டுக்கு வெளியே அடிப்பார்கள். இப்போது அவர்களுக்குப் பக்கத்தில் யார், எங்கே என்று தெரியும்.

பத்து மீற்றர் சதுரத்தில் நால்வர் வெளியே, இருவர் உள்ளே. வெளியே நிற்பவன் உடலைப் பாதி திறந்து, தூரக் காலில், அதாவது பந்து வரும் பக்கத்துக்கு அப்பாலுள்ள காலில், பந்தை வாங்க வேண்டும். அப்போது அவன் கண்ணுக்கு இரு பக்கமும் தெரியும். உள்ளே இருப்பவர்கள் பந்தைப் பறித்தால் மீண்டும் ஐந்து செக்கன் விதி. பிறகு கோல் உதையிலிருந்து தொடங்கும் தாக்குதலைப் பழக்குங்கள்: 2019 முதல் கோல் உதையைச் சொந்த அணியினர் தண்டப் பரப்புக்கு (பெனால்டி பகுதிக்கு) உள்ளேயே வாங்கலாம். 2025 ஜூலை முதல் கோல் காப்பாளர் பந்தைக் கையில் எட்டுச் செக்கன்களுக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை கிடைக்கும் என்பதையும் எல்லா வீரர்களுக்கும் சொல்லிவையுங்கள். காப்பாளர் அனுப்ப இடமில்லாமல் திணறுவது மற்றப் பத்துப் பேரும் அசையாமல் நிற்பதால்தான்.

8. இடங்களும் அணித்தலைவரும்

4-4-2 அல்லது 4-3-3 (பின்களம், மத்தியகளம், முன்களம் என்ற வரிசையில் வீரர் எண்ணிக்கை), எதுவானாலும் சரி. ஆட்களைப் பார்த்து அமைப்பைத் தெரிவு செய்யுங்கள். அமைப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்களைத் தேடாதீர்கள். இதற்கு ஒரு மாலை போதும்.

அணித்தலைவர் தெரிவுக்குக் கூடுதல் நிதானம் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அணியைப் பொறுப்பேற்ற முதல் நாளே, மிகத் திறமையான பையனின் கையில் தலைவர் பட்டியைக் கட்டினேன். நல்ல பிள்ளை, ஆனால் தான் தவறினால் தலைகுனிந்து நிற்பான். அவன் குனிந்த நாட்களில் பதினொருவரும் குனிந்தார்கள். பாதிப் பருவத்தில் பட்டியைத் திரும்ப வாங்கியபோது அவன் அழுதது இன்றும் என் மனதில் இருக்கிறது. தவறு முழுவதும் என்னுடையது. இப்போது கொப்பியின் மூன்றாம் நிரலில், அதாவது மற்றவனுக்குச் சொல்லும் நிரலில், தொடர்ந்து கோடு விழும் இருவரைப் பார்த்துவைத்து, ஏழாம் வாரம் வரை ஆட்டத்துக்கு ஆட்டம் பட்டியை மாற்றிக் கட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்கிறேன்.

9. ஆட்ட நாள்

ஆட்டத்துக்கு முன் இரண்டு செய்திகளுக்கு மேல் சொல்லாதீர்கள். பதற்றத்தில் இருப்பவனுக்கு மூன்றாவது நினைவில் நிற்காது.

எல்லைக் கோட்டில் நின்று “இடத்துக்கு அனுப்பு, அடி, திரும்பு” என்று ஒவ்வொரு தொடுகைக்கும் கத்துவது புதியவர்களை விட்டு இலகுவில் போகாத பழக்கம். நான்காம் வாரத்தில் நீங்கள் அரும்பாடுபட்டு வளர்த்த சொற்களை உங்கள் சத்தமே அமுக்கிவிடும். பந்து நம் வீரனின் காலில் இருக்கும்போது வாயைத் திறக்க வேண்டாம். பந்து வெளியே போனபோது, பெயர் சொல்லி, ஒரே திருத்தத்தைச் சொல்லுங்கள்.

இடைவேளை அதிகபட்சம் 15 நிமிடங்கள். முதல் நான்கைந்து நிமிடம் தண்ணீரும் தோடம்பழமும், நீங்கள் பேசக்கூடாது. பிறகு “என்ன பார்த்தீர்கள்?” என்று அவர்களைக் கேளுங்கள். மைதானத்துக்குள் இருந்தவர்களுக்கு உங்களுக்குத் தெரியாதது தெரிந்திருக்கும். கடைசியில் நீங்கள் ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்லுங்கள். மாற்று வீரனை அனுப்பும்போது அவன் செய்ய வேண்டியதை அவன் வாயாலேயே திருப்பிச் சொல்லவையுங்கள். பெரும்பாலும் பாதிதான் வரும்.

10. ஆட்டத்துக்குப் பின், முன்னேற்றத்தை அளத்தல்

தோற்ற மாலையில் நீண்ட உரை நிகழ்த்தாதீர்கள். களைத்த உடலோடு கேட்கும் கண்டனம் பாடமாக மாறுவதில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒருவன் மேல் ஒருவன் பழிபோடவே அது உதவும். வென்ற மாலைக்கும் இதே ஒழுங்கு வேண்டும், ஏனெனில் வெற்றி மறைத்துவிடும் பிழைகள் அதிகம். கைகொடுத்து, காயங்களைப் பார்த்து, அனுப்பிவிடுங்கள்.

அடுத்த பயிற்சியில், ஆட்டத்தின்போது உதவியாளர் ஒருவர் கோடு போட்டு எடுத்த இரண்டு எண்ணிக்கைகளை மட்டும் வாசியுங்கள்: பந்தை எத்தனை முறை இழந்தோம், அவற்றில் எத்தனை முறை ஐந்து செக்கன்களுக்குள் மீட்டோம். தோற்ற ஆட்டத்தில் இந்த எண் ஏறியிருந்தால் அதை மகிழ்ச்சியோடு அறிவியுங்கள். கைத்தொலைபேசியில் உயரமான படிக்கட்டிலிருந்து எடுத்த காணொளி இருந்தால் மூன்று நிமிடத் துண்டு போதும், அதிலும் நன்றாகச் செய்த ஓர் இடம் கட்டாயம் இருக்க வேண்டும்.

தனித்தனியாகவும் பேசுங்கள். வாரத்துக்கு மூவர், ஆளுக்கு ஐந்து நிமிடம், மற்றவர் காதில் விழாத இடத்தில். “எதில் முன்னேற விரும்புகிறாய்?” என்று கேட்டு, அவன் சொல்வதை அவன் முன்னிலையிலேயே கொப்பியில் எழுதுங்கள். ஆட்டத்தில் இறக்காத வீரனிடமே முதலில் போங்கள். ஏன் இறக்கவில்லை என்பதை உங்களிடமிருந்து கேட்காதவன் தானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வான், அந்தக் காரணம் விரைவில் அணி முழுவதும் பரவும்.

எட்டாம் வாரத்தின் கடைசிப் பயிற்சியில் முதல் வாரத்து ஆட்டத்தை அப்படியே நடத்துங்கள்: அதே எழுவர் அணிகள், அதே பாதி மைதானம், அதே பன்னிரண்டு நிமிடங்கள். நீங்களும் அன்றுபோலவே ஒன்றும் பேசாமல் கோடு போடுங்கள். பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பையன்களுக்குக் காட்டுங்கள். எந்த நிரலில் கோடுகள் கூடவில்லையோ அதற்குரிய பழக்கத்தைக் கற்பித்த வாரத்துக்குத் திரும்பிப் போங்கள். என் அணிகளில் பெரும்பாலும் அது இரண்டாம் வாரமாகவே இருக்கிறது, எனவே அடுத்த செவ்வாய்க்கிழமை கயிற்றை மறக்காமல் பையில் எடுத்துவைப்பேன்.